தண்ணி மேல சொல்லக் கூடாத பேரு

கடலு பின்னாலயே நடந்து போற ஊரு ஒன்னு இருக்கு. ஃபின்லாந்துல, மேக்குக் கரையில, ரெம்விக்னு பேரு. முன்னொரு காலத்துல அந்த நாடு பூராவும் மலை ஒசரத்துக்குப் பனிக்கட்டி ஏறி உக்காந்து, எந்திரிக்க மனசில்லாத விருந்தாளி மாதிரி பல்லாயிரம் வருசம் உக்காந்தே கெடந்து, ஒருநாள் உருகி எந்திரிச்சுப் போயிருச்சு. அது உக்காந்திருந்த எடம் அமுங்குன மெத்த கணக்கா அன்னையிலேருந்து மெல்ல மெல்ல மேல எழும்புது, இன்னும் எழும்பி முடிக்கல. நூறு வருசத்துக்கு ஒரு மூணு வயசுப் புள்ள ஒசரம். தாத்தன் வல போட்ட எடத்துல அப்பன் மாடு மேச்சான், அப்பன் மாடு மேச்ச எடத்துல மகன் ஓட்ஸ் வெதச்சான். விக்குன்னா அவங்க பேச்சுல குடா. ஊரு பேருல இருக்குற குடா இப்ப ஊருல இல்ல. தண்ணிக்கரையில கட்டுன கோயிலு, சர்ச்சுதான், வயக்காட்டு நடுவுல நிக்குது. துறைய மூணு வாட்டி மாத்திட்டாங்க, படகுக் கொட்டாய உருட்டுக்கட்ட மேல ஏத்தி, ஊரே சேந்து தள்ளிக்கிட்டு, கடலுக்குப் பின்னாடியே "கொஞ்சம் நில்லும்யா"ன்னு கூப்பிட்டுப் போற மாதிரி.

புதுசா எழும்புற மண்ணு யாருக்குன்னு அங்க சண்டையே கெடையாது, ஊருக்குப் பொது. எங்க தூத்துக்குடிப் பக்கம் கடலு தெருவத் தின்னுச்சுன்னா அது மட்டும் அவனவன் பாடு.

நான் அங்க போனது படிக்க. பக்கத்து டவுன்ல இன்ஜினியரிங். ஒரு வருசம் உக்காந்து பாத்தேன். பனிக்கட்டிக்கு இருந்த பொறும எனக்கு இல்ல, எந்திரிச்சு வந்துட்டேன். ரெம்விக்ல பொண்ணோட கிரீன்ஹவுஸ்ல தக்காளி பறிக்கிற வேல கெடச்சுச்சு.

பொண்ணுங்கிறது மொதலாளியம்மா. எண்பதத் தாண்டுனவ, குச்சி மாதிரி ஒடம்பு, கத்தி மாதிரி வாயி. ஊரே அவள ஃப்ளிக்கான்னுதான் கூப்பிடும், அதுக்குப் பொண்ணுன்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துல பொண்ணு, பேங்குல பொண்ணு, ஓட்டுப் போடப் போனாலும் பொண்ணு. வேலைக்குச் சேந்த புதுசுல எனக்கு நாக்கு வரல, பேக்கிங்ல மேஸ்திரியா இருந்த முல்லைத்தீவு சுகிர்தா அக்காகிட்டக் கேட்டேன்.

"அக்கா, பாட்டி வயசு மனுசியப் போயி பொண்ணுங்கிறாங்க. உண்மையான பேரு என்ன?"

"அவவுக்குப் பேர் இல்லைத் தம்பி. தகப்பன் இன்னும் வரேல்லை," அப்படின்னு அக்கா தக்காளிய எட போட்டுக்கிட்டே சொன்னா, பஸ்ஸு இன்னும் வரலங்கிற மாதிரி.

அந்தக் கரையில ஒரு வழக்கம் இருந்துச்சு. பனி ஒடையிற காலத்துல ஆம்பளைங்க கடல்நாய் வேட்டைக்குப் படகெடுத்துப் போவாங்க, மாசக் கணக்கா பனிப்பாள மேலயே கெடப்பாங்க. அந்த நேரத்துல புள்ள பொறந்தா பேரு வைக்க மாட்டாங்க. பேர அப்பன்தான் கொண்டாரணும். எந்தக் கல்லுலேருந்து படகேறுனானோ அதே கல்லுல கால வச்சு நின்னு சொல்லணும். தண்ணி மேல இருந்து சொன்ன பேரு தண்ணிக்குப் போயிரும், புள்ளையும் பின்னாலயே போயிரும். ஆளு செத்து ஒடம்பு ஒதுங்குச்சுன்னா தாயே பேரு வச்சுக்கலாம். பொண்ணோட அப்பன் இசாக், ரெண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின வசந்தத்துல, இன்னும் மூணு பேரோட போனான். "பேரு யோசிச்சு வச்சிருக்கேன், வந்து சொல்றேன்"னு சூலிப் பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டுப் போனான். படகும் வரல, ஒடம்பும் வரல. அவன் செத்தான்னு ஒத்துக்கிட்டாத்தான் புள்ளைக்குப் பேரு, தாய்க்காரி ஒத்துக்கல. சாகுற வரைக்கும் ஒத்துக்கல.

அந்தக் கல்லு எங்க கிரீன்ஹவுஸ் உள்ளதான் இருந்துச்சு. தண்ணி வெலகிப் போயி அந்தத் துறை புல்லுக்காடா ஆனப்ப பொண்ணு அந்த நெலத்த வாங்கி, கல்லச் சுத்திக் கண்ணாடி எழுப்பிட்டா. ஏன்னு கேட்டா "தக்காளிக்கு நல்ல மண்ணு"ம்பா. அந்த மண்ணுல கரண்டியப் போட்டா சிப்பிதான் வரும். பனி கல்ல மூடக் கூடாதுன்னுதான் கட்டுனான்னு எங்க எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரியே இருந்தோம். படகு கட்டுற இரும்பு வளையத்துல தக்காளிக் கொடியோட கயித்தக் கட்டியிருந்தோம்.

நான் வேலைக்கு இருந்த வருசம் வசந்தத்துல டாக்டர் அவ இருதயம் தேஞ்சு போச்சு, இந்தக் கோடை தாண்டுறது செரமம்னு சொல்லிட்டாரு. பொண்ணு நேரா கல்லறைக்குக் கல்லு செதுக்குறவர்கிட்டப் போனா. என்ன எழுதணும்னு அவரு கேட்டாரு. திரும்பி வந்து அந்தத் துறைக் கல்லு மேல உக்காந்து என்னக் கூப்பிட்டா.

"கஸ்பார், இந்தத் தக்காளிக்குப் பேரு இருக்குல்ல?"

"இருக்கு. பெட்டியிலயே போட்டிருக்கு."

"ம். தக்காளிக்கே இருக்கு," அப்படின்னா.

ஜூன் மாசம் ஒரு காலையில மூடுபனி வெலகுனப்ப, புதுத் துறைக்கு வெளிய, அலையே இல்லாத தண்ணியில, அந்தப் படகு நின்னுச்சு. பாய் சுருட்டிக் கெடந்துச்சு, பலகையெல்லாம் வெயில்ல வெளுத்து வெள்ளையா இருந்துச்சு, நாலு பேரும் போன அன்னைக்கு இருந்த வயசுலயே, அன்னைக்குப் போட்ட கம்பளிச் சட்டையோடயே துடுப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கரைகிட்ட வர மாட்டேன்னாங்க. எங்க துறை எங்கன்னு மட்டும் கேட்டாங்க.

எங்க ஊரா இருந்தா அன்னைக்கே உண்டியல் வச்சிருப்போம். ரெம்விக் காப்பி போட்டுச்சு. ஃபிளாஸ்க்குல காப்பியும் ஏலக்காய் பன்னும் எடுத்து மோட்டார் போட்டுல கொண்டு போயிக் குடுத்தாங்க. தண்ணி வழியா வந்த சாப்பாடு தண்ணியில இருக்கவனுக்கு ஆகும்னு அவங்களும் வாங்கிக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்து டீச்சர் புள்ளைங்கள வரிசையாக் கூட்டியாந்து துறைப் பாலத்துல உக்கார வச்சு படகோட பாகமெல்லாம் சொல்லிக் குடுத்தா. கரையோரக் காவல்காரங்க வந்து பாத்து, வெளக்கு இல்லாமப் படகோட்டக் கூடாதுன்னு ஒரு லாந்தர் குடுத்துட்டுப் போனாங்க. நடுவுல நடந்த சண்டையப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஊருக்குள்ள ஒரு முடிவு வந்துச்சு; யாரும் பேசி வச்ச முடிவு இல்ல, அந்த ஊர்ல நல்ல முடிவெல்லாம் பேசாமத்தான் வரும். படகுல இருந்தவங்க அண்ணன் எப்படி, தம்பி எப்படின்னு கேப்பாங்க. "கோயில்கிட்டதான் இருக்காரு," அப்படின்னு பதில் வரும். பொய் இல்ல. கோயில்கிட்டதான் எல்லாரும் இருந்தாங்க, மண்ணுக்கடியில.

பொண்ணு மோட்டார் போட்டுல தனியா ஏற முடியாதுன்னு நான் தூக்கி உக்கார வச்சு ஓட்டிட்டுப் போனேன். இசாக்குக்கு இருபத்தாறு வயசு இருக்கும், எங்கூடப் படிச்சவன் மாதிரி இருந்தான், மூக்கு மேல வெயில்ல தோலுரிஞ்சிருந்துச்சு. பொண்ணப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டான்.

"அம்மா, இந்தக் காத்துல நீ எதுக்கு வந்த?"

"நான் உங்க அம்மா இல்ல," அப்படின்னா. "பொண்ணு."

துடுப்புலேருந்து தண்ணி சொட்டுற சத்தம் கேட்டுச்சு. அவன் அவ மூஞ்சியப் பாத்தான், கையப் பாத்தான், திரும்ப மூஞ்சியப் பாத்தான்.

"வளந்துட்டியா?"

"வளந்துட்டேன். கொஞ்சம் அதிகமாவே."

"உங்க அம்மா?"

"கோயில்கிட்ட," அப்படின்னு சொல்லிட்டு பொண்ணு படகு விளிம்பக் கெட்டியாப் புடிச்சா. "எனக்கு நேரம் கம்மி. பேரச் சொல்லு."

அவன் கீழ தண்ணியப் பாத்தான். "இங்கேருந்து முடியாது. உனக்கே தெரியும்."

"தண்ணிக்குப் போனாப் போவுது. எப்படியும் நான் போறவதான்."

"நீ போலாம்," அப்படின்னான் இசாக். "பேரு போகக் கூடாது. இத மறக்காம இருக்கத்தான் அங்க நாங்க நாலு பேரும் தூங்காம இருந்தோம். ஒருத்தன் கண்ணசந்தா இன்னொருத்தன் சொல்லுவான், உள்ளுக்குள்ள, சத்தமில்லாம."

மத்த மூணு பேரும் தலைய ஆட்டுனாங்க. அவ படகு விளிம்ப விட்டா. திரும்பி வந்து, கரை ஏறி ரெண்டு எட்டு வச்சவ அப்படியே உக்காந்துட்டா. ஆஸ்பத்திரி வண்டி வந்துச்சு. ஏற மாட்டேன்னுட்டா. "ஆஸ்பத்திரியில கல்லு இல்ல."

ஊராட்சி இன்ஜினியரு ரால்ஃப் நல்ல மனுசன். துறைய மூணு வாட்டி மாத்துன குடும்பம் அவருது. அவரு கணக்கு நேரானது: ஆளு கல்லுகிட்ட வர முடியாதுன்னா கல்லு ஆளுகிட்டப் போகட்டும்.

"எடுத்துட்டுப் போ, ரால்ஃப்," அப்படின்னா பொண்ணு. "கீறல் விழாம."

கிரீன்ஹவுஸ் சுவரு ஒன்னக் கழட்டி, கல்லுக்குக் கம்பளி சுத்தி, கிரேன்ல தூக்கி, கைக்குழந்தையக் கொண்டு போற வேகத்துல டிராக்டர்ல கொண்டு போயி, புதுத் துறையோட வெளிம்புல, தண்ணியத் தொடுற மாதிரி எறக்கி வச்சாங்க. ஊரே தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. படகு கிட்ட வந்துச்சு. இசாக் கல்லப் பாக்கல, கல்லுக்கு மேல பாத்தான்.

"கோயில் கோபுரம் எங்க?"

"அந்தா," அப்படின்னு ரால்ஃப் கை காட்டுனாரு.

"நாங்க கெளம்பும்போது கோபுரம் கல்லுக்கு நேர் மேல நின்னுச்சு. அதப் பாத்துத்தான் அத்தன தூரமும் ஓட்டிக்கிட்டு வந்தோம். இப்ப அது வேற எங்கயோ நிக்குது." கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவாச் சொன்னான்: "கல்லு வந்திருக்கு. எடம் வரல."

"நாங்க எப்பவும் இப்படித்தான் செஞ்சோம்," அப்படின்னாரு ரால்ஃப், தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி.

"துறைய மாத்தலாம், ஐயா. கெளம்புன எடத்த மாத்த முடியாது."

படகு திரும்பி வெளிய போயி நின்னுச்சு. கல்லத் திரும்பக் கொண்டாந்து அதே குழியில, அதே வளையம் அதே பக்கம் பாக்குற மாதிரி வச்சோம். சுகிர்தா அக்கா ஹோஸப் புடிச்சு அதக் கழுவுனா, நாலு பக்கமும், இண்டு இடுக்கெல்லாம். அவ தம்பிய முல்லைத்தீவுல சண்டை முடிஞ்ச அன்னைக்கு ஆர்மிக்காரங்க ஒரு பஸ்ஸுல ஏத்துனாங்க, அதுக்கப்புறம் தகவல் இல்ல. அதப் பத்தி அவ பேச மாட்டா. அன்னைக்கு மட்டும் தண்ணிய நிறுத்திட்டு, "கல் இருக்கிற சனம் குடுத்து வச்ச சனம், கஸ்பார்," அப்படின்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

பொண்ணு கல்லுக்குப் பக்கத்துலயே ஒரு கட்டிலப் போடச் சொல்லிப் படுத்துட்டா. மூச்சு, மாடி ஏறுறவ மூச்சு மாதிரி இருந்துச்சு, படுத்திருக்கும்போதே.

ஊராட்சி ஆபீஸ்ல கூட்டம் போட்டாங்க. கால்வா வெட்டலாம்னாரு ஒருத்தரு. அனுமதி வாங்க ரெண்டு வருசம், அதுக்குள்ள மண்ணு இன்னும் ஒரு விரக்கட எழும்பிரும்னாரு ரால்ஃப். உருட்டுக்கட்ட மேல ஏத்தி இழுக்கலாம்னாங்க, போட்டுல போயி இசாக்கக் கேட்டுட்டு வந்தாங்க; கட்ட மண்ணத் தொட்டா படகு மண்ணத் தொட்ட கணக்கு, அப்புறம் அவங்க எறங்குனது தப்பான கரையாயிரும்னுட்டான். எல்லாரும் மேசையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அந்த ஊர் அமைதி எனக்கு ஆகவே ஆகாது, எதையாவது சொல்லி ஒடச்சிரணும்.

"எங்க ஊர்ல மாதாவையே சப்பரத்துல வச்சு தோள்லதான் தூக்கிட்டு வருவோம்," அப்படின்னு சொல்லி வச்சேன். "இவங்க நாலு பேருதான. தூக்கிருவோம்."

யாரும் சிரிக்கல. ரால்ஃப் பேனாவ எடுத்தாரு. "எத்தன தோளு வேணும்?" அப்படின்னாரு.

அந்த ஊர்ல ஜோக் சொல்றது ஆபத்து. செஞ்சிருவாங்க.

மறுநாள் ஊரு பூராவும் தண்ணிக்குள்ள எறங்குச்சு. தீயணைப்புக்காரங்க, பாஸ்டரம்மா, பேங்குக்காரரு, வெள்ளரிக்கா கிரீன்ஹவுஸ்லேருந்து வியட்நாம்காரங்க, லாரி ஓட்டுற போஸ்னியாக்காரரு, அவரு பொண்டாட்டி, நாங்க. இடுப்பளவு தண்ணியில நின்னு படகோட வயித்துக்கடியில தோளக் குடுத்தோம். ஃபின்லாந்துக்காரனுக்குத் தோளு இருக்குற எடத்துல எனக்கு உச்சந்தல இருக்கு, அதனால குட்டையா இருந்தவங்க எல்லாம் தலகாணிய மடிச்சுத் தோள்ல கட்டிக்கிட்டோம். ஒரு தோளு ஓஞ்சா இன்னொரு தோளு, நடுவுல படகு மண்ணத் தொடவே கூடாது. தண்ணி குறைஞ்சு முழங்காலுக்கு வந்துச்சு, கணுக்காலுக்கு வந்துச்சு, அப்புறம் இல்ல, படகு எறங்கல. நாங்க கடலுக்குப் பதிலா நடந்தோம். படகு ஆடணும்னு இசாக் மேலேருந்து சொன்னான், ஆடாத தண்ணி தண்ணியில்லன்னான், அதனால ஒரு பக்கம் குனிஞ்சு, மறுபக்கம் நிமிந்து, கொஞ்சம் ஏத்தி, கொஞ்சம் தாழ்த்தி ஆட்டிக்கிட்டே போனோம். மேல நாலு பேரும் துடுப்பு போட்டாங்க, வெறுங்காத்துல, மொறையா, ஒன்னு போல. சின்னப் புள்ளைங்க வாளியில கடல் தண்ணிய மோந்துக்கிட்டு ஓடியாந்து படகோட அடிப்பக்கம் காயாம ஊத்திக்கிட்டே வந்துச்சுங்க. அந்தக் கடல்ல உப்பே கெடையாது, சூப்புக்குப் பத்தாது. அன்னைக்கு எங்க வாயில இருந்த உப்பு எங்க உப்புதான்.

ஓட்ஸ் வயலுக்காரரு வழிய அறுத்து விடவான்னு முந்தியே கேட்டிருந்தாரு. வேணாம், நிக்கட்டும், அலை மாதிரி இருக்கும்னு சொல்லியிருந்தா பொண்ணு. பச்சக் கதிருல துடுப்போட நுனி பட்டுப் பட்டுப் போச்சு. நான் பழக்கத்துல ஏலேலோன்னு எடுத்தேன், சத்தமா இல்ல, மூச்சுக்காக. பக்கத்துல பாஸ்டரம்மா புடிச்சுக்கிட்டாங்க, அப்புறம் போஸ்னியாக்காரரு, வயலு நடுவுக்கு வரும்போது யாருக்குமே புரியாத அந்த ஏலோ ஏலோ கோயில் பாட்டு மாதிரி எல்லாரு வாயிலயும் இருந்துச்சு.

வழி கல்லறத் தோட்டத்துச் சுவர ஒட்டிப் போகுது. தோள் மேல இருந்தவங்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சுச்சு. அண்ணன் பேரு, தம்பி பேரு, பொண்டாட்டி பேரு, அவங்க கெளம்பும்போது மடியில இருந்த புள்ளைங்க பேரு, வரிசையா, சண்ட நடந்த வருசத்தோட. நாங்க சொல்லாம வச்சதெல்லாம் அங்க எழுதியிருந்துச்சு. எங்களுக்கு மேல துடுப்புச் சத்தம் நின்னுச்சு. நாலு பேர்ல சின்னவன் துடுப்பத் தூக்கி மரியாதைக்கு நேரா நிமித்திப் புடிச்சான். நாங்க நின்ன எடத்துலயே ஆட்டிக்கிட்டு நின்னோம், தோளு அத்துப் போற மாதிரி வலிச்சுச்சு. அப்புறம் இசாக்கோட குரலு வந்துச்சு. "போடு." துடுப்பு திரும்ப எறங்குச்சு. அந்த எடத்துலேருந்து படகு கனமே இல்ல.

கண்ணாடிச் சுவரு கழட்டுன பக்கமா உள்ள போனோம், ரெண்டு பக்கமும் தக்காளிக்கொடி, காயும் பழமுமா. கல்லுக்கு நேர் மேல, கூரைக் கண்ணாடி வழியா, கோபுரம் தெரிஞ்சுச்சு. இசாக் ஒரு வாட்டி பாத்தான். வளையத்துல கெடந்த தக்காளிக் கயித்த சுகிர்தா அக்கா அவுத்தா, அவன் படகுக் கயித்தப் போட்டான். ஈர பூட்ஸோட ஒரு கால வச்சான், மறு கால வச்சான், நின்னான்.

பொண்ணு கட்டில்லேருந்து எந்திரிச்சு நின்னிருந்தா. யாரும் புடிக்கல, புடிக்க விடல. கவுனப் பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி இழுத்து விட்டுக்கிட்டா.

"ஹில்மா," அப்படின்னான் இசாக்.

அவ அசையல. அத்தன வருசமா பொண்ணுன்னாத்தான் திரும்புன காது அது, இது யாரையோன்னு நெனச்ச மாதிரி அவனையே பாத்துக்கிட்டு நின்னா.

"ஹில்மா," அப்படின்னான் திரும்ப.

"இங்கதான் இருக்கேன்," அப்படின்னா அவ.

மத்த மூணு பேரும் அவனுக்குப் பின்னாடி ஒவ்வொருத்தரா கல்லுல கால வச்சு எறங்கி, தொப்பியக் கழட்டிக்கிட்டு, கோயில்கிட்ட இருந்த அவங்க ஆளுகளப் பாக்கப் போனாங்க.

ஹில்மா அந்தக் கோடைய முழுசாத் தாண்டுனா. புதுப் பேர நாங்க எல்லாரும் கத்துக்க வேண்டியிருந்துச்சு, நாக்கு பொண்ணுன்னே போகும், இழுத்துத் திருப்பி ஹில்மான்னு கூப்பிடுவோம். மொத தடவ கூப்பிட்டா திரும்பவே மாட்டா. காதுல கோளாறுன்னு நெனச்சேன். ஒருநாள் தக்காளி வரிசைக்கு எதுத்த பக்கத்துலேருந்து அவ மூஞ்சியப் பாத்துட்டேன்: மொத தடவ நல்லாவே கேட்டுருக்கு. ரெண்டாவது தடவையும் கேக்கணும்னுதான் சும்மா இருந்திருக்கா. எங்கப்பன் நேத்து இத்தன வாட்டி கூப்பிட்டான்னு சுகிர்தா அக்காகிட்டப் பெரும பேசுவா. இசாக் பக்கத்து வரிசையில கொடி கட்டிக்கிட்டே, வேல ஒன்னும் இல்லாமலே, ஹில்மா, ஹில்மாம்பான்.

ஓட்ஸ் அறுத்த வாரத்துல போயிட்டா. கல்லு செதுக்குறவரு ஒரே ஒரு வார்த்ததான் செதுக்குனாரு. கூலி வாங்க மாட்டேன்னுட்டாரு. பொட்டிய நாங்க தோள்ல வச்சுக் கொண்டு போனோம், வண்டி இருந்துச்சு, யாரும் அதுகிட்டப் போகல. ஆட்டாமக் கொண்டு போகணும்னு யாரும் சொல்லவும் வேண்டியிருக்கல. குழிகிட்ட நின்னு பாஸ்டரம்மா அவ பேரச் சொன்னாங்க, ஒரு வாட்டி, மண்ணள்ளிப் போடுறதுக்கு முன்னாடி.

இசாக் கையத் தூக்கி மண்ண நிறுத்தச் சொன்னான். குழி விளிம்புல குனிஞ்சான்.

"ஹில்மா," அப்படின்னான்.

ரெண்டாவது வாட்டிதான அது. எல்லாரும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.